பெரிய மாமி படுக்கப்போகும் மெத்தை

மகனே,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய மெத்தைப் படங்கள் இரண்டையும் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. எது நல்லது, சனிக்கிழமைக்குள் சொல்லுங்கோ அம்மா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே நீர் புகாத மெத்தை உறை ஒன்றின் படத்தையும் போட்டு, மாமிக்கு இதுவும் போட்டால் நல்லம்தானே என்று எழுதியிருந்தாய். முதல் கேள்விக்கு மட்டும் என்றால் பெருவிரலால் இரண்டு சொல் தட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இரண்டாவது கேள்விக்கு விரல் ஓடவில்லை. அதனால்தான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனையில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறேன். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் வந்து நேரில் சொல்லலாம். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்ததும் கதையை மாற்றிவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். ஷெரினும் இதை வாசிக்கட்டும். மருமகளுக்கு மாமியாரின் குற்றம் ஒன்றாவது எழுத்தில் கையில் இருப்பது நல்லது.

உங்கள் புது வீட்டின் இரண்டாவது அறையை வருகிற ஆட்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அதில் முதலாவதாகத் தங்கப்போகிறவர் உன் அப்பாவின் அக்கா, உன் பெரிய மாமி. புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் இணுவிலில் தனியாக இருக்கிற மனுஷி. அடுத்த மாதம் இங்கே கண் ஒப்பரேஷன். நீயாகவே ஃபோன் எடுத்து, மாமி எங்களோட வந்து நில்லுங்கோ என்று சொன்னாயாம், அவரும் உடனே ஓம் என்றாராம். அதை நீ எனக்குச் சொன்னபோது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் தொலைபேசியை வைத்துவிட்டு, ஓம் என்றது மாமிதானா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஏனென்றால் பதினைந்து வருடமாக மாமி என் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. உன் கல்யாணத்துக்கு வந்தார், அப்பாவின் செத்த வீட்டுக்கு வந்தார். காலையில் வந்து இரவு பஸ்ஸுக்குப் போனார். வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தால் அவருக்கு நிம்மதி இல்லை, அதுதான் என்று உங்கள் எல்லோருக்கும் சொன்னது நான்தான். அப்பாவும் அதை நம்பினார், நம்பிக்கொண்டே போய்ச்சேர்ந்தார். அது பொய்.

பொய்யைப் பிறகு சொல்கிறேன். முதலில் மெத்தை. எனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாமல் செய்ததைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வரும். முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இந்த நகரத்தில் எத்தனை முதுகுகளை நான் புரட்டிப் படுக்க வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. மெத்தை விஷயத்தில் என்னோடு வாதாடக் கடைக்காரனுக்கு வயது காணாது.

நீ அனுப்பிய முதல் படத்தில் இருப்பது ஒரு முழத்துக்குக் கிட்டத் தடிப்பான மெத்தை. ஹோட்டலில் இருப்பதுபோல இருக்கும் என்று கடைக்காரன் சொல்லியிருப்பான். அதை உன் கட்டிலில் போட்டால் உயரம் உன் இடுப்புக்கு வரும், மாமிக்கு நெஞ்சுக்கு வரும். வயதான ஆள் கட்டில் விளிம்பில் இருக்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும். பாதம் தொங்கினால் எழும்பும்போது குதிக்க வேண்டிவரும், குதித்தால் விழ வேண்டிவரும். இப்படி விழுந்து இடுப்பு உடைந்து என் வார்டுக்கு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே கட்டிலின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போ. மெத்தையோடு சேர்த்து உன் முழங்கால் அளவுக்கு வந்தால் போதும், அதற்கு ஒரு விரல்கூட மேலே வேண்டாம்.

இரண்டாவது படத்தில் இருப்பது முழுக்க ஸ்பொன்ஜ். கையை வைத்தால் கையின் அச்சு அப்படியே பதிந்து நிற்கும், பார்க்கப் புதினமாக இருக்கும். குளிர் நாட்டுக்காரர் அதில் படுக்கட்டும். கொழும்பு வெக்கையில் அதில் படுத்தால் முதுகு வேகும். உனக்கு வேண்டியது உள்ளே தென்னந்தும்பு, மேலே ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் ஸ்பொன்ஜ், அதற்கு மேலே தைத்த பருத்தித் துணி. கடைக்காரன் அதைப் பின்பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பான், ஏனென்றால் அதில் அவனுக்கு லாபம் குறைவு. கேட்டு எடுப்பி. எடுப்பித்த பிறகு படுத்துப் பார். கையால் அமத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறவர்கள்தான் எங்கள் ஆட்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, பத்து நிமிஷம் கிட. சேர்ட் கசங்கும் என்றோ சனம் பார்க்கும் என்றோ வெட்கப்படாதே. நான் காலி வீதிக் கடையில் ஒரு தரம் அப்படிப் படுத்து உண்மையாகவே கண்ணயர்ந்துவிட்டேன். விற்கிற பையன் சிங்களத்தில், மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி கொண்டு வரட்டோ என்று கேட்டான். நக்கல்தான், ஆனால் தேத்தண்ணி வந்தது.

படுக்கை விரிப்பு பருத்தியாக இருக்க வேண்டும். பளபளவென்று வழுக்குகிற துணியைப் பார்த்து ஷெரின் ஆசைப்பட்டால் உங்கள் அறைக்கு வாங்குங்கள். வாங்கியதை இரண்டு தரம் தோய்த்துக் கஞ்சி போன பிறகுதான் விரிக்க வேண்டும். கடை மடிப்பு தெரிகிற விரிப்பில் படுக்கிற ஆள், இது எனக்காக வாங்கினது, கசக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு இரவு முழுக்க விறைத்துக் கிடக்கும். தலையணை ஒரு ஆளுக்கு இரண்டு, ஒன்று பதிந்தது, ஒன்று உயர்ந்தது. எதில் தலை வைப்பது என்று படுக்கிறவர் முடிவெடுக்கட்டும். போர்வையும் வை, இந்த வெக்கையில் எதற்கு என்று கேட்காதே. மின்விசிறிக் காற்று வயதான முழங்காலுக்குள் போகும், போனால் விடியும்வரை போகாது. நுளம்பு வலையை மறக்காதே. உங்கள் பக்கத்தில் துறைமுக லொறி எல்லாம் போகிற தூசு இருக்கிறது, ஆகவே வலையைக் கிழமைக்கு ஒரு தரம் தோய்.

இவ்வளவும் தெரிந்த ஒருத்திதான் பதினைந்து வருடத்துக்கு முன் இந்தப் பிழையைச் செய்தாள். வாசி.

உனக்கு அப்போது பதினைந்து வயது, ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உன் கனடா மாமா, என் தம்பி, பெண்சாதி பிள்ளைகளோடு ஓகஸ்டில் வருகிறான் என்று செய்தி வந்தது. பதினேழு வருடத்துக்குப் பிறகு வருகிறான். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. உன் படிப்பு மேசையைத் தூக்கி ஹோலில் போட்டுவிட்டு, அந்த அறைக்குக் காலி வீதியிலிருந்து ஸ்பிரிங் மெத்தை ஒன்றைக் கொண்டுவந்தேன். மூன்று மாடிப் படியில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், நான் முன்னால் நடந்து சுவரில் உரசாதே உரசாதே என்று கத்திக்கொண்டு ஏறினேன். வந்த மெத்தை பொலித்தீன் உறையோடு வந்தது. எங்கள் சனத்தின் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. ரிமோட்டுக்குப் பொலித்தீன், செற்றிக்குப் பொலித்தீன், கார் வாங்கினால் சீட்டுக்கும் பொலித்தீன். பாவித்துப் பழசானாலும் பரவாயில்லை, பாவித்ததாகத் தெரியக் கூடாது. நானும் அந்தச் சாதிதான். ஆனாலும் நான் நர்ஸ், பொலித்தீனில் படுத்தால் முதுகு வியர்த்துப் புண்ணாகும் என்று தெரிந்தவள். அதனால் வந்த அன்றே ஒரு மூலையைக் கிழிக்கத் தொடங்கினேன். ஒரு சாண் கிழித்திருப்பேன், தொலைபேசி அடித்தது. மாமி.

தனக்கு உடம்பு சரியில்லை, யாழ்ப்பாணத்தில் கொழும்புக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றார். என்ன வருத்தம் என்று கேட்டேன். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னார். நீ வளர்ந்த ஆள், கல்யாணம் கட்டியவன், இதெல்லாம் அறிந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளிக்காதே. உடனே வாங்கோ மச்சாள், இது உங்கள் வீடு என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பி அறைக்குள் போய், கிழித்த மூலையை இழுத்துச் சேர்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளைப் பிளாஸ்டரை எடுத்து, மேலும் கீழுமாக இரண்டு வரி ஒட்டினேன். அதற்கு மேலே நல்ல விரிப்பைப் போட்டேன்.

இதைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லை. வழக்கத்துக்குப் பொலித்தீனை விட்டுவைத்தேன் என்றால் அது ஒரு பகிடி. நான் கழற்றத் தொடங்கிய பிறகு, வரப்போகிறவரின் வருத்தத்தைக் கேட்டு, திரும்ப ஒட்டினேன். ஓகஸ்டில் தம்பி வரும்வரை மெத்தை புதிதாக இருக்க வேண்டும் என்று ஒட்டினேன். வார்டில் ஒரு நோயாளிக்கு அப்படி இருந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? நடுவில் மட்டும் ஒரு ரப்பர் விரிப்பு, அதை முழுக்க மூடுகிற மாதிரி அதற்கு மேல் தடித்த பருத்தித் துணி. போடும்போது, அம்மா, இது உங்கட வசதிக்குத்தான், ஈரமானால் கூப்பிடுங்கோ, ஒரு நிமிஷத்தில் மாத்துவன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வேன். முன்பின் தெரியாத ஆட்களுக்குச் செய்த அந்த மரியாதையை என் புருஷனின் அக்காவுக்குச் செய்யவில்லை. தாய் செத்த வீட்டில் பத்து வயதுத் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு கொடுத்து, தைத்துச் சம்பாதித்துப் படிப்பித்த மனுஷி. அந்தத் தம்பியைத்தான் நான் கட்டியிருந்தேன்.

மாமி வந்தார். மைலோ ரின் ஒன்றில் மிளகாய்த் தூளும் ஒரு சின்னப் பையில் மூன்று சீலையும். அறையைப் பார்த்து, இவ்வளவு பெரிய கட்டில் எனக்கெதுக்கு என்று சிரித்தார். அந்தக் கிழமை எனக்கு இரவு டியூட்டி. நான் போய்விடுவேன், காலை ஏழரைக்குப் பிறகு வருவேன். வந்தால் மாமி எழும்பிக் குளித்து, உனக்கும் அப்பாவுக்கும் இடியப்பம் அவித்து வைத்திருப்பார். அறைக்குள் கட்டில் நேர்த்தியாக விரித்திருக்கும். நல்ல ஒழுங்கான மனுஷி என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே நினைத்தேன்.

மூன்றாம் நாள் தலையணையைப் பார்த்தேன். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், தலையணை உறையின் திறந்த வாய் வாசலைப் பார்க்கக் கூடாது. வேறு யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். மாமியின் தலையணை வாய் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. விரிப்பின் மூலையைப் பார்த்தேன். கடித உறையின் மூலைபோலச் சாய்த்து மடித்துச் செருகுகிற ஆஸ்பத்திரி மடிப்பு, என் கையின் மடிப்பு, அப்படியே இருந்தது. ஒருவர் படுத்து எழும்பி விரித்தால் அது அவருடைய மடிப்பாக இருக்கும். அந்தக் கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை.

அடுத்த நாள் டியூட்டி மாறக் கொஞ்சம் முந்தியே விட்டார்கள், ஏழு மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் இன்னும் எழும்பவில்லை. மாமியின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில், மொசைக் நிலத்தில், தன்னுடைய சீலை ஒன்றை நாலாக மடித்து விரித்து, கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் அவ்வளவு பெரிய கட்டில், அதில் சுருக்கமில்லாத விரிப்பு. கர்ப்பப்பை இறங்கிய ஒரு பெண் நிலத்திலிருந்து எழும்புவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முதலில் புரள வேண்டும், பிறகு முழங்கால், பிறகு கட்டில் காலைப் பிடித்து மூச்சைப் பிடித்து ஒரு தெண்டல். அந்தத் தெண்டலில்தான் எல்லாம் கீழே வரும். இதை வகுப்பெடுக்கக் கூடியவள் நான். கதவடியில் நின்றேன். பிறகு சத்தம் போடாமல் குசினிக்குப் போய்க் கேத்திலை வைத்தேன்.

ஏன் உள்ளே போகவில்லை என்று என்னை நானே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். போனால் பொலித்தீன் கதை வரும். பிளாஸ்டர் கதை வரும். அவர் அதைக் கண்டிருப்பார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது, புரளும்போது சரசரக்காமல் இருக்குமா? இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு மூலையில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அது என் மூளைக்குள் வந்தது, வந்ததை நான் துரத்தவில்லை. மாமி பதினொரு நாள் என் வீட்டில் இருந்தார், பதினொரு நாளும் நிலத்தில். நான் தினமும் அந்த அறையைக் கூட்டினேன், கட்டிலைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நான் த்ரீவீலர் பிடித்துக்கொண்டு போனேன். மாமி உடுத்திக்கொண்டு தயாராக இருந்தார். கொட்டாஞ்சேனையில் தன் புருஷனின் சொந்தத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது, அங்கே போய் நிற்கப்போகிறேன், உமக்கும் டியூட்டி, தம்பியும் சோதனைக்குப் படிக்கிறான் என்றார். இல்லை மச்சாள், வீட்டுக்கு வாங்கோ என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனைக்கே கொண்டுபோய் விட்டேன்.

நாலு நாள் கழித்துத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள் ஒற்றை அறை வீடு, அதற்குள் ஐந்து பேர். இருந்த ஒரே கட்டிலை மாமிக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் எல்லோரும் நிலத்தில் படுத்திருக்கிறார்கள். கட்டிலில் மெல்லிய தும்பு மெத்தை, நிறம் போன விரிப்பு. பகல் இரண்டு மணி. ஐந்து பேரும் அதற்குள்ளேயே நடந்து திரிந்து கதைத்துக்கொண்டிருக்க, மாமி வாயைத் திறந்தபடி அடித்துப் போட்டதுபோல நித்திரை. அந்த வீட்டுப் பெண் எழுப்பட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்று பழத்தை வைத்துவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தாள்.

ஓகஸ்டில் கனடா மாமா வந்தான். பொலித்தீனைக் கழற்றி, அறைக்கு வாசனைத் தண்ணீர் தெளித்து வைத்தேன். இரண்டு இரவு படுத்தார்கள். மூன்றாம் நாள், அக்கா, பிள்ளைகளுக்கு ஏசி இல்லாமல் முடியுதில்லை என்று ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை, பிள்ளைகள் பாவம். மெத்தையை என்ன செய்வது? கடற்கரைப் பக்கத்து வீடு, உப்புக் காற்றில் ஸ்பிரிங் கறள் கட்டி, இரண்டு வருடத்தில் திரும்பிப் படுத்தாலே முனகத் தொடங்கியது. பத்திரப்படுத்திய மெத்தை அதுதான்.

அதற்குப் பிறகு மாமி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. தீபாவளிக்கு ஃபோன், ஆட்கள் வந்தால் மிளகாய்த் தூள், உனக்குப் பிறந்தநாள் என்றால் கோயிலில் அர்ச்சனை. எல்லாம் இருந்தது, தங்குவது மட்டும் இல்லை. அப்பா ஒரு தரம், அக்கா ஏனப்பா எங்கட வீட்டில நிக்குறாவில்லை என்று என்னைக் கேட்டார். அவருக்குத் தன்ர வீட்டைவிட்டு வந்தா நித்திரை வராது என்று சொன்னேன். நித்திரை என்ற சொல் என் வாயிலிருந்தே வந்தது. அன்றாவது உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னைக் கோபித்துப் பேசியிருப்பார். பேசிவிட்டு இணுவிலுக்குப் பஸ் ஏறியிருப்பார். இப்போது பேசுவதற்கு அவர் இல்லை.

ஆகவே உன் இரண்டாவது கேள்வி வந்தபோது எனக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ நல்ல எண்ணத்தில்தான் கேட்டாய். எனக்குப் பயம் பிடித்தது. மாமி உன் வீட்டுக்கு வந்து, படுத்து, கீழே எதையோ சரசரக்கக் கேட்டு, அடுத்த நாள் காலையில் உன் கட்டிலும் சுருக்கமில்லாமல் இருந்தால்? அவருக்கு எழுபத்தெட்டு வயது. இதைச் சரிசெய்ய எனக்கு இன்னொரு தரம் கிடைக்காது. கடிதத்தை இதுவரை எழுதிவிட்டு, நேற்றுக் காலை அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

சுகம் விசாரித்தேன், மழை விசாரித்தேன். பிறகு ஒரே மூச்சில் பொலித்தீனையும் பிளாஸ்டரையும் கதவடியில் நின்றதையும் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கிறன், சொல்லும்," என்றார். "நீர் பாத்தனீர் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். வெள்ளை மேஸ் போட்ட கால் ரெண்டும் கதவடியில தெரிஞ்சது. வந்து நிண்டு, திரும்பிப் போனது."

"ஏன் மச்சாள் என்னைக் கூப்பிடேல்லை?"

"நீர் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான். பதினொரு நாளும் பாத்தனான்."

அவர்தான் தொடர்ந்தார். பொலித்தீன் போட்டதெல்லாம் ஒரு விஷயமோ, தன் வருத்தம் அப்படி, தானென்றாலும் போட்டிருப்பேன் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். ஆனால், "தம்பி ஃபோனில கேட்டவன், மாமி உங்களுக்குப் பதிஞ்ச கட்டிலோ உயரக் கட்டிலோ வசதி எண்டு. எப்பிடிப் படுக்க விருப்பம் எண்டு என்னை ஆர் பிள்ளை இவ்வளவு நாளும் கேட்டவை? அதாலதான் ஓம் எண்டனான்," என்றார்.

நீ அப்படிக் கேட்டாயா? எனக்கு நீ சொல்லவே இல்லையே. நான் மேலே இரண்டு பக்கம் மெத்தையையும் உயரத்தையும் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன், அழிக்க மனமில்லை, இருக்கட்டும். ஆனால் அந்தக் கேள்வியை நீ என்னிடம் படித்திருக்க முடியாது. ஷெரினிடம் படித்தாயா, நீயாகவே கேட்டாயா, எதுவென்றாலும் எனக்குச் சந்தோஷம். என் வீட்டில் வளர்ந்த பிள்ளை அதைக் கேட்டிருக்கிறான் என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்கிறேன், அனுப்பட்டோ என்று மாமியிடம் கேட்டேன். இந்த வயதில் தனக்கென்ன வெட்கம், எழுதும் என்று சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். கண்ணில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டி வரும், அதற்கு நடுங்காத கை வேண்டும், நர்ஸ் ஒருத்தி குடும்பத்தில் இருக்கும்போது வேலைக்குப் போகிற மருமகளை ஏன் கஷ்டப்படுத்தவேணும், ஆகவே நீரும் வந்து அதே அறையில் நில்லும் என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்து நில்லும் என்றார், அது எனக்குக் காணும்.

ஆகவே சனிக்கிழமை கடைக்குப் போகும்போது பெரிய மெத்தையை மறந்துவிடு. ஒற்றை மெத்தை இரண்டு வாங்கு, கட்டிலும் இரண்டு. இரண்டும் ஒரே தடிப்பு, ஒரே விலை, ஒரே விரிப்பு. யன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா என்று மாமி வந்து சொல்லட்டும், மிச்சம் எனக்கு. நீர் புகாத உறை வாங்கலாம், துணிபோல இருக்கிற, சத்தம் போடாத வகையைத் தேடி வாங்கு. வாங்கினால் இரண்டு மெத்தைக்கும் போடு. எனக்கும் அறுபத்தாறு ஆகிறது, இப்போதெல்லாம் நானும் யோசித்துத்தான் இருமுகிறேன். போட்டதை மாமி வந்தவுடன் நான் அவருக்குச் சொல்வேன், நீ வாய் திறக்க வேண்டாம்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு வருகிற முதல் காலையில் நீயும் ஷெரினும் வேலைக்குப் போகிற அவசரத்தில் ஓடித் திரிவீர்கள். தேத்தண்ணியை நான் போடுகிறேன். மாமிக்கு ஒரு கண் கட்டியிருக்கும். அவருடைய கட்டில் விளிம்பில் போய் இருந்துகொண்டு, மச்சாள், நித்திரை கொண்டனீங்களோ என்று கேட்பேன். இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பேன்.

உன்
அம்மா